மோட்டார்ஹோமுக்குப் பின்னால் நாலு சக்கரமும் தரையில்: எந்தக் காரைக் கட்டி இழுப்பது?

புதுவண்டி · ஏப்ரல் 6, இரவு 9.40

பழைய கிளாஸ் சி மோட்டார்ஹோம் (வேன் சேஸியின் மேல் கட்டிய வீட்டுவண்டி) ஒன்று வாங்கியிருக்கிறேன். ஃபோர்டு இ-450 சேஸி, 29 அடி. கோடையில் மொன்டானா, வயோமிங் பக்கம் மூன்று வாரம். கிளேசியர் பூங்காவின் கோயிங்-டு-த-சன் சாலையில் நடுப்பகுதிக்குள் 21 அடிக்கு மேல் நீளமான வண்டியை விடமாட்டார்கள் என்பதால் பின்னால் ஒரு கார் கட்டாயம் வேண்டும். வீட்டில் ரேவ்4 ஹைப்ரிட், ஆல் வீல் டிரைவ் நிற்கிறது. ஹைப்ரிட் என்பதால் நியூட்ரலில் போட்டால் சக்கரம் சும்மா சுழலும், அதையே டோ பாரில் (காரை மோட்டார்ஹோமோடு இணைக்கும் இழுவைக் கம்பி) மாட்டி இழுக்கலாம் என்பது என் கணக்கு. எந்த டோ பார் நல்லது என்று மட்டும் சொன்னால் போதும்.

கியர்பெட்டி · ஏப்ரல் 6, இரவு 10.25

கணக்கு தப்பு. டோ பாரைப் பிறகு பார்க்கலாம். ரேவ்4 ஹைப்ரிட்டை நாலு சக்கரமும் தரையில் உருள இழுக்கக் கூடாது. டொயோட்டாவின் கையேடே தடுக்கிறது.

ஹைப்ரிட்டில் நியூட்ரல் என்றால் பற்சக்கரங்கள் பிரிந்து நிற்கின்றன என்று பொருளில்லை. முன் சக்கரங்களோடு ஒரு மோட்டார் எப்போதும் பிணைந்திருக்கிறது. ஆல் வீல் டிரைவ் என்றால் பின் அச்சில் இன்னொன்று. சக்கரம் உருண்டால் அவையும் உருளும். காந்தம் பதித்த மோட்டார் உருண்டால் மின்சாரம் பிறக்கும். காரை அணைத்துவிட்டதால் அந்த மின்சாரத்தை வாங்கிக் கையாள அங்கே எதுவும் விழித்திருக்காது. டாலியில், அதாவது இரண்டு சக்கரச் சிறு இழுவண்டியில், முன் சக்கரங்களை ஏற்றினாலும் பின் மோட்டார் உருளத்தான் செய்யும். இந்தக் காருக்கு நாலு சக்கரமும் மேலே ஏறிய டிரெய்லர் ஒன்றுதான் வழி. அதற்கு டிரெய்லரின் எடை வேறு கூடும்.

சாதாரண ஆட்டோமேட்டிக் கியரிலும் சிக்கல் இருக்கிறது, காரணம் வேறு. கியர்பாக்ஸுக்குள் எண்ணெயைச் சுற்றிவிடும் பம்ப்பை ஓட்டுவது எஞ்சின். எஞ்சின் நின்றால் பம்ப்பும் நிற்கும். இழுக்கும்போதோ சக்கரம் வழியாக வெளித்தண்டும் அதோடு சேர்ந்த பற்சக்கரங்களும் மணிக்கணக்கில் சுழல்கின்றன. எண்ணெய் ஏறாத தாங்கிகள் முதலில் காயும், பிறகு நிறம் மாறும், பிறகு ஒட்டிக்கொள்ளும். இது நூறு மைலிலும் நடக்கலாம், ஆயிரம் மைலிலும் நடக்கலாம். "நான் போன வருடம் இழுத்தேன், ஒன்றும் ஆகவில்லை" என்று யாராவது சொன்னால் அதை வைத்து முடிவெடுக்காதீர்கள். உள்ளே என்ன தேய்ந்தது என்று அவருக்கும் தெரியாது.

ஆகவே காரின் பெயரைத் தேடுவதற்கு முன் கையேட்டில் ‘ரெக்ரியேஷனல் டோயிங்’ அல்லது ‘டிங்கி டோயிங்’ என்ற பகுதியைத் தேடுங்கள். அதே மாடல், அதே ஆண்டு, அதே எஞ்சின், அதே கியர்பாக்ஸ். நாலும் பொருந்தி, "இழுக்கலாம், இப்படி இழுக்கலாம்" என்று அச்சில் இருந்தால் மட்டும் அடுத்த படி.

ஸ்பேனர்17 · ஏப்ரல் 6, இரவு 11.02

மேலே சொன்னது அத்தனையும் சரி. ஒன்று சேர்க்கிறேன். பழுதான காரை இழுத்துப் போவது பற்றிக் கையேட்டில் தனியாக ஒரு பக்கம் இருக்கும். "குறைந்த வேகத்தில், குறைந்த தூரம்" என்று போட்டிருப்பாங்க. அதைப் பார்த்துட்டு அனுமதி கிடைச்சாச்சுன்னு நினைக்காதீங்க. அது பக்கத்து ஒர்க்‌ஷாப் வரைக்கும்தான். மொன்டானா வரைக்கும் இல்லை.

புதுவண்டி · ஏப்ரல் 7, காலை 7.15

நல்லவேளை கேட்டேன். அப்படியானால் இழுப்பதற்கென்றே பழைய கார் ஒன்று தனியாக வாங்க வேண்டும். எந்தெந்தக் கார்களைத் தேடுவது?

கியர்பெட்டி · ஏப்ரல் 7, காலை 8.40

எது ஏன் இழுபடும் என்பதை மனதில் வைத்துக்கொண்டால் தேடுவது எளிது.

முதல் வகை, டிரான்ஸ்ஃபர் கேஸில் நியூட்ரல் உள்ளவை. எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒரு பக்கம், சக்கரங்களுக்குப் போகும் இரண்டு தண்டுகளும் மறுபக்கம். நடுவில் உள்ள டிரான்ஸ்ஃபர் கேஸில் இணைப்பைக் கழற்றிவிடலாம். கியர்பாக்ஸ் அசையாமல் நிற்கும். ஜீப் ரேங்ளர் இதற்குப் பெயர் போனது. அமெரிக்கச் சாலைகளில் மோட்டார்ஹோம் பின்னால் அதைப் பார்க்காமல் ஒரு நாள் பயணம் முடியாது. அதே அமைப்பில் கிளாடியேட்டரும் உண்டு. ஜீப் ஃபோர் வீல் டிரைவ் என்றால் யோசிக்காமல் எடுக்கலாம்.

இரண்டாவது, இழுபடும்போதும் தேவையான இடத்துக்கு எண்ணெய் போகும்படி அமைந்த சில ஆட்டோமேட்டிக்குகள். ஹோண்டா சிஆர்-வி 2014 வரை, செவ்ரலே ஈக்வினாக்ஸ் 2010 முதல் 2017 வரை. இரண்டிலும் கிளம்பும் முன் செய்ய வேண்டிய சடங்கு உண்டு, அதைத் தனியாக எழுதுகிறேன்.

மூன்றாவது, மேனுவல் கியர் கார்கள். பலவற்றை நியூட்ரலில் போட்டு இழுக்கலாம், எல்லாவற்றையும் அல்ல. பற்சக்கரங்கள் எண்ணெயில் நனைந்து தாமே வாரி இறைத்துக்கொள்வதால் பம்ப் தேவைப்படுவதில்லை. ஆனால் சில பெட்டிகளில் மேலே உள்ள தண்டு சுழன்றால்தான் எண்ணெய் மேலேறும். இங்கும் கையேடுதான் பேச வேண்டும். அமெரிக்காவில் மேனுவல் கார் அரிதாகிக்கொண்டே போகிறது என்பது வேறு வருத்தம்.

ஸ்பேனர்17 · ஏப்ரல் 7, காலை 9.05

"ஜீப் ஃபோர் வீல் டிரைவ் என்றால் யோசிக்காமல்" என்பதைத் திருத்தணும். அந்த ஒரு வரியில ரொம்பப் பேர் கார் வாங்கி மாட்டிக்குவாங்க.

கிராண்ட் செரோக்கியில குவாட்ரா-டிராக் 1 வந்தால் ஒற்றை வேக டிரான்ஸ்ஃபர் கேஸ். அதில நியூட்ரல் கிடையாது, இழுக்க முடியாது. குவாட்ரா-டிராக் 2, குவாட்ரா-டிரைவ் 2 இரண்டிலும் உண்டு. 2014 முதல் 2023 வரை வந்த சின்ன செரோக்கியில ஆக்டிவ் டிரைவ் 1 கூடாது, ஆக்டிவ் டிரைவ் 2 சரி. வெளியே பார்த்தால் ரெண்டும் ஒரே கார், ஒரே பேட்ஜ். உள்ளே உட்கார்ந்து பாருங்க. ‘லோ’ பட்டனும் அதுக்குப் பக்கத்தில பேனா முனையால அமுக்கற மாதிரிச் சின்னதா ஒரு ‘என்’ பட்டனும் இருக்கணும். ரேங்ளர்ல அது தனி லீவர், பார்த்ததும் தெரியும்.

விற்கிறவர் "4 வீல் டிரைவ்தான் சார்"னு சொன்னால் போதாது. அந்த ‘என்’னை உங்க கண்ணால பார்க்கணும்.

கியர்பெட்டி · ஏப்ரல் 7, காலை 9.30

ஒப்புக்கொள்கிறேன், என் வரி அவசரத்தில் வந்தது. ரேங்ளர், கிளாடியேட்டர் என்று நிறுத்தியிருக்க வேண்டும்.

சிஆர்-வியிலும் இதே பொறி. 2014 வரை ஐந்து வேக ஆட்டோமேட்டிக். 2015இல் சிவிடி, அதாவது தனித்தனி கியர் படிகள் இல்லாத ஆட்டோமேட்டிக், வந்தது, அதோடு அனுமதி போயிற்று. வெளித்தோற்றம் கிட்டத்தட்ட அதேதான். விளம்பரத்தில் "2014/15 மாடல்" என்று எழுதியிருந்தால் கதவுச் சட்டத்தில் உள்ள தயாரிப்புத் தேதியை நம்பாதீர்கள். 2014 கடைசியில் தயாரான கார் 2015 மாடலாக இருக்கும். விஐஎன் என்ற வண்டி அடையாள எண்ணின் பத்தாவது எழுத்து மாடல் ஆண்டைக் காட்டும். 2014 என்றால் ‘இ’, 2015 என்றால் ‘எஃப்’.

நெடுஞ்சாலை · ஏப்ரல் 7, மதியம் 1.20

கார்ப் பட்டியலுக்குள் இறங்குவதற்கு முன் எடை என்ற கதவைத் தாண்டணும் தம்பி. இ-450இன் மொத்த எடை வரம்பு 14,500 பவுண்டு. வண்டியும் இழுபடுவதும் சேர்ந்த வரம்பு, அதாவது ஜிசிடபிள்யூஆர், 22,000 பவுண்டு. கழித்தால் 7,500 வரும். எல்லாரும் அந்த எண்ணோடு நின்றுவிடுகிறார்கள்.

ஆனால் சங்கிலியில் எந்தக் கண்ணி மெலிந்ததோ அதுதான் வரம்பு. மோட்டார்ஹோமின் வாலில் இழுவைச் சாமான்களைச் செருகும் ஹிட்ச் ரிசீவரில் ஒட்டியிருக்கும் தாளைப் படியுங்கள். கிளாஸ் சி வண்டிகளில் 5,000 பவுண்டு ஹிட்ச் நிறைய உண்டு, 7,500ம் உண்டு. அப்புறம் ரிசீவருக்குள் செருகும் பால் மவுண்ட், டோ பார், காரின் முன்பக்கம் டோ பாரை மாட்டும் பேஸ் பிளேட், ஒவ்வொன்றுக்கும் ஒரு எண். இந்த எல்லா எண்களிலும் சிறியது எதுவோ அதற்குள் காரும் காருக்குள் நீங்கள் திணிக்கும் சைக்கிள், ஐஸ் பெட்டி, நாற்காலிகளும் அடங்க வேண்டும்.

இன்னொன்று கிளாஸ் சிக்கே உரியது. ஃபோர்டு தரும் சேஸியின் வால் பகுதியை வீடு கட்டும் கம்பெனி நீட்டி வெல்டிங் வைத்திருக்கும். ஹிட்ச் அந்த நீட்டிப்பில்தான் பூட்டியிருக்கும். பழைய வண்டி என்கிறீர்கள். அடியில் படுத்து அந்த வெல்டிங் கோடுகளை டார்ச் அடித்துப் பாருங்கள். துரு பொரிந்தோ முடிக்கீறல் போலக் கோடு ஓடியோ இருந்தால் கார் தேடுவதை நிறுத்திவிட்டு வெல்டரைத் தேடுங்கள்.

புதுவண்டி · ஏப்ரல் 7, இரவு 8.50

ஹிட்ச் தாளில் 5,000 என்று இருக்கிறது. நண்பர் ஒருவர் ஃபோர்டு எஃப்-150 விற்கிறார், ஃபோர் வீல் டிரைவ், கையேட்டில் ‘நியூட்ரல் டோ’ என்ற முறை இருக்கிறது. அது ஆகுமா?

நெடுஞ்சாலை · ஏப்ரல் 7, இரவு 9.15

முறை சரி, எடை சரியில்லை. நாலு கதவு எஃப்-150 வெறும் வண்டியாகவே 5,000ஐ உரசும். பின்பெட்டியில் ஒரு கருவிப்பை வைத்தால் தாண்டிவிடும். விட்டுவிடுங்கள்.

தோராய எடைகள்: இரண்டு கதவு ரேங்ளர் 4,000 பவுண்டு, நாலு கதவு ரேங்ளர் ரூபிகான் 4,450. ஈக்வினாக்ஸ் 3,800 முதல் 3,900. சிஆர்-வி 3,300 முதல் 3,550. மேனுவல் ஃபியட் 500 என்றால் 2,350தான்.

வண்டியைத் தண்ணீர், கேஸ், பெட்ரோல், ஆட்கள் எல்லாம் ஏற்றியபின் லாரி நிறுத்தங்களில் உள்ள ‘கேட் ஸ்கேல்’ என்ற எடைமேடையில் ஒருமுறை நிறுத்துங்கள். முன் அச்சு, பின் அச்சு தனித்தனியாக எழுதிக் கொடுப்பார்கள். கிளாஸ் சியில் பின் அச்சு ஏற்கெனவே வரம்பைத் தொட்டுக்கொண்டிருப்பது சகஜம். நாலு சக்கரமும் தரையில் உள்ள கார் ஹிட்ச்சின் மேல் எடையை ஏற்றாது, டோ பாரின் எடை மட்டும்தான். இந்த முறையின் பெரிய நன்மை இது. டாலியும் டிரெய்லரும் பின் அச்சின் மேல் வந்து உட்காரும்.

கியர்பெட்டி · ஏப்ரல் 8, காலை 6.50

சொன்னபடி சடங்குகள்.

சிஆர்-வி, 2014 வரையிலான ஆட்டோமேட்டிக்: கியர் எண்ணெய் அளவைப் பாருங்கள். எஞ்சின் சூடாகி, அணைத்து, 60 முதல் 90 வினாடிக்குள் அளவுகுச்சியில் பார்க்க வேண்டும். பிறகு எஞ்சினைக் கிளப்பி, பிரேக்கை மிதித்துக்கொண்டு கியரை எல்லா நிலைகளுக்கும் நகர்த்துங்கள். ‘டி’யில் நிறுத்தி 5 வினாடி எண்ணுங்கள். அங்கிருந்து ‘என்’. எஞ்சினை 3 நிமிடம் ஓடவிடுங்கள். அணையுங்கள். சாவி ஆக்சஸரி நிலையில் இருக்கட்டும், இல்லையென்றால் ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும். கைப்பிரேக்கை விடுங்கள். வேகம் மணிக்கு 65 மைலுக்கு மேல் வேண்டாம்.

இதில் உயிர்நாடி ‘டி’யிலிருந்து ‘என்’னுக்கு வருவது. ‘ஆர்’இலிருந்து நேராக ‘என்’னுக்கு வந்து இழுத்தால் கியர்பாக்ஸ் கெடும் என்று ஹோண்டா தெளிவாக எச்சரிக்கிறது. மோட்டார்ஹோமுக்குப் பின்னால் காரைச் சரியாக நிறுத்த முன்னும் பின்னும் நகர்த்துவோம், கடைசி அசைவு பெரும்பாலும் ரிவர்ஸாகவே இருக்கும். அப்படியே ‘என்’ போட்டு இறங்கிவிடுவார்கள். பாதி கியர்பாக்ஸ்கள் போவது இங்கேதான் என்பேன்.

ஈக்வினாக்ஸ், 2010 முதல் 2017: நியூட்ரல், சாவி ஆக்சஸரியில், கையேடு சொல்லும் ஃப்யூஸைக் கழற்ற வேண்டும். ஒவ்வொரு நாள் கிளம்பும்போதும், ஒவ்வொரு முறை பெட்ரோல் போடும்போதும் காரின் எஞ்சினை 5 நிமிடம் ஓடவிட வேண்டும். அதற்கு முன் ஃப்யூஸைத் திரும்ப மாட்ட வேண்டும். வேகம் இங்கும் 65 மைல்தான்.

ரேங்ளர்: சமதளத்தில் நிறுத்தி, கைப்பிரேக் போட்டு, பிரேக்கை மிதித்து, கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து டிரான்ஸ்ஃபர் கேஸ் லீவரை ‘என்’னுக்குத் தள்ளுங்கள். கைப்பிரேக்கை விட்டு, எஞ்சின் ஓடும்போதே ‘ஆர்’ போட்டு பிரேக்கை 5 வினாடி விட்டுப் பாருங்கள், வண்டி அசையக்கூடாது. ‘டி’யிலும் அதே சோதனை. பிறகு எஞ்சினை அணைத்து, ஆட்டோமேட்டிக் என்றால் ‘பி’யில் விடுங்கள், மேனுவல் என்றால் ஏதாவது ஒரு கியரில். காரை மாட்டி முடித்தபின் கைப்பிரேக் போட்டிருந்தால் அதை விடுங்கள்.

புதுவண்டி · ஏப்ரல் 8, காலை 7.30

ரேங்ளரை ‘பி’யில் விட்டு இழுப்பதா? சிஆர்-வியில் ‘என்’, இதில் ‘பி’. எழுத்துப் பிழை இல்லையே?

ஸ்பேனர்17 · ஏப்ரல் 8, காலை 7.55

பிழை இல்லை. டிரான்ஸ்ஃபர் கேஸ் நியூட்ரல்ல இருக்கிறதால ‘பி’ சக்கரத்தைப் பூட்டாது. கியர்பாக்ஸோட வெளித்தண்டை மட்டும் பிடிச்சு வைக்கும். இல்லைன்னால் எண்ணெய் இழுவிசையில அது மெதுவாச் சுத்தி உள்ளே காயும். மேனுவலைக் கியர்ல விடறதும் அதுக்குத்தான்.

ஆனா அந்த ‘ஆர்’, ‘டி’ சோதனையை விட்டுட்டால் என்ன ஆகும்னு கணக்கு போட்டுப் பாருங்க. மேனுவல் ரூபிகான், லீவர் ‘என்’ல உட்காராமல் ‘4 லோ’வில சிக்கியிருக்கு, கியர் முதல்ல இருக்கு. முதல் கியர் 5.13, டிரான்ஸ்ஃபர் கேஸ் 4, அச்சு 4.10. பெருக்கினால் 84. மணிக்கு 10 மைல்ல 33 அங்குல டயர் நிமிஷத்துக்கு 105 சுத்து. அதை 84ஆல பெருக்குங்க, எஞ்சின் 8,800. சிவப்புக் கோட்டைத் தாண்டியாச்சு. முகாம் வாசலைத் தாண்டறதுக்குள்ள எஞ்சின் முடிஞ்சுது. ஆட்டோமேட்டிக்கா இருந்தால் சக்கரம் பூட்டி டயர் தரையில தேயும், நல்லவேளையா அது கண்ணாடியில தெரியும்.

அதனால ஒருத்தர் கீழே நின்னு, முதல் 30 அடி காரோட நாலு சக்கரமும் தானா உருளுதா, திருப்பும்போது முன் சக்கரம் கூடத் திரும்புதான்னு பார்க்கணும். தனியா ஓட்டறவங்க இறங்கி ஒரு சுத்து சுத்தி வரணும்.

நெடுஞ்சாலை · ஏப்ரல் 8, இரவு 8.10

பிரேக் பற்றி இன்னும் யாரும் பேசவில்லை, எனக்கு அதுதான் கவலை.

மோட்டார்ஹோமின் பிரேக் அதன் சொந்த 14,500 பவுண்டுக்குக் கணக்கிட்டது. ஜிசிடபிள்யூஆர் 22,000 என்று எழுதியிருப்பதால் 22,000ஐயும் அதுவே நிறுத்தும் என்று பொருளில்லை. மாட்டுவண்டிக்குப் பின்னால் கன்றைக் கட்டினால் கன்று தானாக நிற்கும். இந்தக் கன்று நிற்காது, முதுகில் வந்து முட்டும். ஆகவே காரின் பிரேக்கைக் கார் தானே போட வேண்டும். எத்தனை பவுண்டிலிருந்து கட்டாயம் என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறுகிறது, பல இடங்களில் 3,000. சட்டம் கேட்காத இடத்திலும் போடுங்கள்.

இரண்டு வகை. ஓட்டுநர் இருக்கைக்கு முன் வைத்து பெடலை மிதிக்கும் பெட்டி ஒன்று. காருக்குள் நிரந்தரமாகப் பூட்டுவது மற்றொன்று. பெட்டி விலை குறைவு, அடுத்த காருக்கு மாற்றலாம். ஆனால் ஒவ்வொரு முறையும் தூக்கி வைத்து, இருக்கையை நகர்த்தி, அழுத்தத்தைச் சரிபார்க்க வேண்டும்.

பெட்டி வைக்கும்போது நடக்கும் பிழை இது. எஞ்சினை அணைத்தபின்னும் வாக்குவம் பூஸ்டரில் இரண்டு மூன்று மிதிக்குக் காற்றுவெற்றிடம் மிச்சம் இருக்கும். அந்த நிலையில் பெட்டியைச் சரிசெய்தால் பெடல் மென்மையாக உள்ளே போகும், நீங்களும் அந்தத் தூரத்துக்கு அமைத்துவிடுவீர்கள். சாலையில் மூன்றாவது பிரேக்குக்குப் பிறகு பெடல் கல்லாகிவிடும், அமைப்பு பொருந்தாது. பெட்டியை வைக்கும் முன் பெடலை நாலைந்து முறை மிதித்து வெற்றிடத்தைத் தீர்த்துவிடுங்கள்.

நேர்மாறான பிழை இன்னும் கொடியது. பெட்டியின் கால் பெடலை எப்போதும் லேசாகத் தொட்டுக்கொண்டே இருந்தால் பிரேக் உரசிக்கொண்டே வரும். ஐம்பது மைலில் டிஸ்க் நீலம் பாரிக்கும், அதற்கு மேல் தீ. மோட்டார்ஹோமின் டாஷ்போர்டில், காரின் பிரேக் விளக்கு எரியும்போது எரியும் சின்ன விளக்கு ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் மிதிக்காதபோது அது எரிந்தால் உடனே ஓரம் கட்டுங்கள்.

நெடுஞ்சாலை · ஏப்ரல் 8, இரவு 8.35

விட்டுப்போனது: பிரேக்அவே கம்பி. கார் கழன்றுபோனால் இந்தக் கம்பி இழுபட்டு ஸ்விட்ச் இயங்கி காரின் பிரேக்கைப் போடும். இதை டோ பாரிலோ பால் மவுண்டிலோ கட்டாதீர்கள். ரிசீவரில் பூட்டும் ‘ஹிட்ச் பின்’ என்ற ஆணி உருவினால் டோ பாரும் பால் மவுண்டும் காரோடு சேர்ந்தே போகும், கம்பி இழுபடாது. மோட்டார்ஹோமின் சட்டத்தோடு கட்டுங்கள். பாதுகாப்பு வடங்களுக்கும் அதே விதி; அவற்றைப் பாரின் அடியில் ஒன்றுக்கொன்று குறுக்காகப் போட வேண்டும்.

புதுவண்டி · ஏப்ரல் 9, காலை 7.05

ரேங்ளர், சிஆர்-வி இரண்டில் ஒன்று என்று குறுகிவிட்டது. 3,500க்குள் நிற்பதால் சிஆர்-வி பக்கம் சாய்கிறேன். டோ பார், பேஸ் பிளேட் எல்லாம் சேர்த்து எவ்வளவு ஆகும்? நானே பூட்டலாமா?

ஸ்பேனர்17 · ஏப்ரல் 9, காலை 9.40

டோ பார், பேஸ் பிளேட், பிரேக், வயரிங், கூலி எல்லாம் சேர்த்து 3,000லேர்ந்து 5,000 டாலர் வச்சுக்குங்க. காரோட விலையில இதையும் கூட்டித்தான் பார்க்கணும்.

புளூ ஆக்ஸ், ரோட்மாஸ்டர், டெம்கோ மூணுமே நல்ல பெயர். மோட்டார்ஹோம் பக்கமே தங்கி மடிஞ்சுக்கிற மாதிரி, நான்-பைண்டிங் லாட்ச் உள்ளதா வாங்குங்க. வளைவா நிறுத்திக் கழற்ற வேண்டி வந்தால் சாதா லாட்ச் இறுகிக்கும், சுத்தியலால தட்டறவங்க உண்டு. பேஸ் பிளேட் அந்தந்தக் காருக்குன்னு தனியா வரும். முன் பம்பர் உறையைக் கழற்றி, காரோட சட்டத்தில துளை போட்டுப் பூட்டணும். பம்பர் உறை கழற்றத் தெரிஞ்சு, டார்க் ரெஞ்ச் இருந்தால் ஒரு நாள் வேலை. போல்ட்டுக்கு திரெட் லாக்கர் போட்டு, தாள்ல சொன்ன டார்க்ல இறுக்கி, முதல் 50 மைல் கழிச்சு மறுபடி பாருங்க.

உயரம் முக்கியம். ஹிட்ச் ரிசீவரோட நடுவும் பேஸ் பிளேட் கொக்கியோட நடுவும் 3 அங்குலத்துக்குள்ள இருக்கணும். அதுக்கு மேலே வித்தியாசம்னால் டிராப் அடாப்டர் போடணும். இ-450 ஹிட்ச்சுக்கும் சிஆர்-விக்கும் அனேகமா வேண்டியிருக்கும், அளந்து வாங்குங்க. பார் சரிவா நின்னால் பிரேக் போடும்போது காரோட மூக்கு மேலேறும், இல்லை கீழே அமுங்கும்.

கியர்பெட்டி · ஏப்ரல் 9, மதியம் 12.15

வயரிங்கில் எளிய வழி: காரின் பின்விளக்குக் கூட்டுக்குள் தனி பல்பு ஒன்றைப் பொருத்தி, மோட்டார்ஹோமிலிருந்து வரும் கம்பியை அதற்கு மட்டும் கொடுப்பது. காரின் சொந்த மின்கம்பிகளைத் தொட வேண்டியதில்லை. கூட்டில் இடமில்லையென்றால் டையோடு (மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் உறுப்பு) வைத்து காரின் விளக்குகளையே எரியவைக்கலாம். டையோடு இல்லாமல் நேராகச் சேர்த்தால் மின்சாரம் திரும்பி ஓடி காரின் கணினிப் பெட்டியைக் கெடுக்கும். மோட்டார்ஹோம் பக்கம் ஏழு முள், கார் பக்கம் ஆறு முள் என்பது வழக்கம்.

பேட்டரி பற்றி. சாவி ஆக்சஸரியில் இருந்தால் ஏதோ ஒன்று மின்சாரம் தின்றுகொண்டே இருக்கும். 5 ஆம்பியர் என்று வைத்தாலும் 8 மணி நேரத்தில் 40 ஆம்பியர்-மணி. கார் பேட்டரியே 45, 50தான். முகாமுக்குப் போய்ச் சேர்ந்தால் கார் கிளம்பாது. ஏழு முள்ளில் உள்ள 12 வோல்ட் கம்பியிலிருந்து ஃப்யூஸ் வைத்து ஒரு சார்ஜ் கம்பி இழுங்கள். பிரேக் பெட்டியும் அதே பேட்டரியைத்தான் தின்கிறது என்பதால், மின்சாரம் தின்பவற்றின் ஃப்யூஸைக் கழற்றுவதோடு நிறுத்தக் கூடாது.

ஸ்பேனர்17 · ஏப்ரல் 9, மதியம் 12.40

இன்னொண்ணு, ரிவர்ஸ். டோ பார்ல கார் மாட்டியிருக்கும்போது பின்னால எடுக்கவே கூடாது. முன் சக்கரம் ஒரு பக்கமா முழுசா ஒடிச்சுக்கும், பார் வளையும், பேஸ் பிளேட் பிய்யும். பெட்ரோல் பங்க்குக்குள்ள நுழையறதுக்கு முன்னாடி வெளியே வர வழி இருக்கான்னு பாருங்க. இல்லைன்னால் நடுரோட்டில நின்னு கழற்றணும்.

புதுவண்டி · ஏப்ரல் 12, இரவு 9.20

2014 சிஆர்-வி இரண்டு கிடைத்திருக்கின்றன. ஒன்று 92,000 மைல், ஏற்கெனவே மோட்டார்ஹோம் பின்னால் ஓடியது. பேஸ் பிளேட், வயரிங் எல்லாம் தயார். மற்றது 1,15,000 மைல், இழுக்கப்படாதது. தயாராக உள்ளதை எடுப்பதே லாபம் என்று தோன்றுகிறது.

கியர்பெட்டி · ஏப்ரல் 12, இரவு 10.05

எஞ்சினை அணைத்து இழுக்கும்போது பல கார்களில் ஓடோமீட்டர் எண்ணாது. எஞ்சின் 92,000 ஓடியிருக்கலாம். டயர், சக்கரத் தாங்கி, சஸ்பென்ஷன், வெளித்தண்டு எல்லாம் அதைவிடப் பல ஆயிரம் கூடுதலாக ஓடியிருக்கும். காரைக் குறை சொல்லவில்லை, எண்ணை அப்படியே நம்ப வேண்டாம் என்கிறேன். 45 மைல் வேகத்தில் ஓட்டி, ஜன்னலை இறக்கி, சக்கரத் தாங்கி முனகுகிறதா என்று கேளுங்கள். முன் டயரின் ஓரத்தைக் கையால் தடவினால் ரம்பப் பல் போல இருக்கிறதா பாருங்கள். கியர் எண்ணெய் கறுத்துக் கருகிய வாடை அடித்தால் பேரமே வேண்டாம்.

பழைய பேஸ் பிளேட்டை இலவசமாக வந்தது என்று மதிக்காதீர்கள். அது உங்கள் டோ பாரின் கம்பெனியோடு பொருந்துமா, துளைகள் நீண்டு ஓட்டையாகியிருக்கின்றனவா என்று கழற்றிப் பார்த்த பிறகே கணக்கில் சேர்க்கலாம்.

நெடுஞ்சாலை · ஏப்ரல் 13, காலை 6.30

விற்பவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள் தம்பி: "கட்டும் முன் என்னென்ன செய்வீர்கள்?" அவர் தடுமாறாமல் ‘டி’யில் 5 வினாடி, ‘என்’, 3 நிமிடம் என்று சொன்னால் அந்தக் கியர்பாக்ஸை நம்பலாம். "நியூட்ரல் போட்டால் போதுமே" என்றால் 1,15,000 மைல் காரை எடுங்கள்.

புதுவண்டி · ஏப்ரல் 14, மாலை 6.45

கேட்டேன். "நியூட்ரல் போட்டுக் கட்டிவிடுவேன்" என்றார். மற்றதை எடுத்துவிட்டேன். கியர் எண்ணெயை மாற்றச் சொல்லியிருக்கிறேன், ஹோண்டாவின் டிடபிள்யூ-1.

ஒரு சந்தேகம். ஒரே நாளில் பத்து மணி நேரம் ஓட்டினால் அந்த 3 நிமிடச் சடங்கைத் திரும்பச் செய்ய வேண்டுமா?

கியர்பெட்டி · ஏப்ரல் 14, இரவு 7.30

8 மணி நேரத்துக்கு மேல் போனால் திரும்பச் செய்ய வேண்டும், முழு வரிசையும். சடங்கு பற்றி முன்பு நான் எழுதியதில் இது விட்டுப்போயிற்று. மதியச் சாப்பாட்டுக்கு நிறுத்தும்போதே செய்துவிட்டால் நினைவில் வைக்க வேண்டியதில்லை. அப்போது நாலு டயரையும் கையால் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் மற்றவற்றைவிடச் சூடாக இருந்தால் அங்கே பிரேக் உரசுகிறது, அல்லது காற்று இறங்குகிறது. இழுபடும் காரின் டயர் பஞ்சரானால் மோட்டார்ஹோமில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாது. நாலு டயர் வால்விலும் காற்றழுத்த சென்சார் பூட்டிக்கொண்டால் இன்னும் நல்லது.

ஸ்பேனர்17 · ஏப்ரல் 14, இரவு 7.50

பேட்டரிக்காக ஃப்யூஸ் ஏதாவது கழற்றினால் அதை எங்கே வைக்கிறதுன்னும் இப்பவே முடிவு பண்ணுங்க. ஸ்டீயரிங் தண்டுல டேப் போட்டு ஒட்டறது நல்லது, கார் ஓட்ட உட்கார்ந்ததும் கண்ணுல படும். பக்கத்திலேயே ‘டி, 5 வினாடி, என், 3 நிமிடம்’னு எழுதி ஒட்டிடுங்க.